மூன்றாம் ஓலை

கடத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மொத்தம் அறுபத்திரண்டு போன். அத்தனைக்கும் பகல் ஷிப்டில் ஒரே ஆள் இசபெல்லாதான். போர்டில் யாருடைய ஷட்டர் தகடு விழுகிறதோ அவருடைய ஓட்டையில் பித்தளை முனை வைத்த ஒரு வயரைச் செருக வேண்டும், 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்க வேண்டும், அவர் கேட்கும் ஓட்டையில் அதன் ஜோடி வயரைச் செருகி மணி அடிக்க வேண்டும். பேச்சு ஆரம்பித்ததும் கீ என்கிற சுவிட்சை மூடிக்கொண்டு காதை எடுத்துவிட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. எந்த ஓட்டை யாருடையது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தக்காளி மண்டி நஞ்சப்பன் ரைஸ் மில் நம்பரைக் கேட்டார். அடுத்த நிமிஷமே அவருடைய ஷட்டர் படாரென்று திரும்ப விழுந்தது.

"ஏனுங்க ஆப்பரேட்டரம்மா, தூங்கறீங்களா? நான் லோடு ஏத்தியாச்சான்னு கேக்கறேன், மாட்டாஸ்பத்திரிக்காரரு எத்தினி மாசத்துச் சினைன்னு கேக்கறாரு!"

இசபெல்லா சிரித்து, மன்னிப்புக் கேட்டு, மாற்றிக் கொடுத்தாள். கீயை மூடியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தூங்கவில்லை. ரைஸ் மில் ஓட்டையைத்தான் பார்த்தாள், அதற்குத்தான் கையை நீட்டினாள். கை ஒரு விரல்கடை தள்ளிப்போய் பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டது.

யாரும் கூப்பிடாத நேரம் பார்த்து மறுபடி செருகிப் பார்த்தாள். முதல் தடவை சரியாகப் போனது. இரண்டாம் தடவையும் போனது. மூன்றாம் தடவை பித்தளை முனை ஓட்டையின் விளிம்பில் இடித்து வழுக்கியது. அடுத்து விழுந்த இரண்டு ஷட்டர்களை அவள் கவனிக்கவே இல்லை.

ஒரு வாரத்துக்கு முன்னால் இது நடந்திருந்தால், வெயில், அசதி என்று எதையாவது சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். ஆனால் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போயிருந்தது.

அன்றைக்குத்தான் அவளுடைய தம்பி சவரிமுத்துவின் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, இவர்கள் சேருவதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். தெரிந்தும் மறைத்தால் பாவம். மாப்பிள்ளை ஊரிலும் வாசிப்பார்கள், பெண் ஊரிலும் வாசிப்பார்கள். பெண் தெரசா, மாரண்டஹள்ளி தாண்டி ஒரு ஊர்.

ஓலை வாசிக்கிற அன்றைக்கும் சவரிமுத்து காலை அகட்டி வைத்துத் தள்ளாடிக்கொண்டுதான் கோயிலுக்குள் வந்தான். ஆண்கள் பக்கத்தில் யாரோ, "இன்னிக்குமா ஊத்திக்கிட்டு வரணும்?" என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனுக்கு இருபத்தேழு வயசு. இரண்டு வருஷமாக இந்தத் தள்ளாட்டம். இவர்களுடைய அப்பா யாகப்பனும் இப்படித்தான் தள்ளாடித் தள்ளாடி, கடைசியில் நாக்கும் குழறி, எழுபத்துநாலில் செத்துப்போனார். குடிகாரன் மகன் குடிகாரன் என்று ஊர் முடிவுகட்டி வைத்திருந்தது. இசபெல்லாவும் அப்படியேதான் நம்பினாள்.

பூசை முடிந்ததும் தம்பியை நாலு வாங்கு வாங்குவது என்று மொரப்பூர் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். வீட்டுக்குப் பின்னால் துணி காயும் கொடி ஓரம் அம்மா ஆரோக்கியம்மாள் நின்றிருந்தாள். ஒரு கையில் சவரிமுத்து சாயங்காலம் போட வேண்டிய சட்டை, இன்னொரு கையில் சாராய பாட்டில். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, காலரிலும் மார்பிலும் தெளித்துக்கொண்டிருந்தாள். துணிக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுகிறவள் போல அவ்வளவு நிதானம். சவரிமுத்து வெறும் உடம்போடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"நாத்தம் எனக்கே கொமட்டுதுக்கா" என்றான் அவன்.

அம்மா மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை. "குடிகாரன்னா அவனோட போச்சு. வியாதின்னா வம்சத்துக்கே ஆவும். ஒங்கப்பனைப் பெத்த ஆத்தாவுக்கும் இதுதான். அவரோட அண்ணனுக்கும் இதுதான். கட்டிக்கிட்டு வந்தப்பறம்தான் எனக்கே தெரியும். எழுவத்தொண்ணுல சர்க்கார் சாராயக் கடையைத் தொறந்தான் பாரு, அன்னிக்குத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது."

"அப்பா குடிக்கவே இல்லியா?"

"ஒரு சொட்டு குடிச்சதில்ல. 'புள்ளைங்க கரை சேர்ற வரைக்கும் நான் குடிகாரனாவே இருந்துட்டுப் போறேன்'னாரு. செபாஸ்டின் வூட்டுக்காரங்க ஒன்னைப் பாக்க வந்தப்ப என்ன சொன்னாங்க? 'அப்பன் குடிகாரன், ஆனா பொண்ணு தங்கம்'னாங்க. கட்டிக்கிட்டாங்க. வியாதின்னு தெரிஞ்சிருந்தா கட்டியிருப்பானா ஒம் புருசன்?"

இசபெல்லாவின் கல்யாணத்தன்று, நாலு பேர் முன்னால் மானம் போகிறதே என்று, அப்பாவைப் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னது அவள்தான். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் செத்துப்போகிற வரைக்கும் அவரோடு அவள் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. நினைக்க நினைக்கத் தாங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுகை அன்றோடு போயிற்று. பயம் செவ்வாய்க்கிழமை வந்தது, கை தவறியபோது.

தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, அதே வாரம் வியாழக்கிழமை தம்பியைப் பெங்களூருக்குக் கூட்டிப் போனாள். கல்யாணத் துணி எடுக்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னாள். பஸ்ஸில் போகும்போது ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே போனாள். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒருத்தனுக்கு வந்துவிட்டது, அப்படியென்றால் இன்னொருத்திக்கு வராது. தம்பிக்கு வந்ததால் நான் தப்பித்தேன். இப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். இருந்தாலும் ஓசூர் தாண்டுகிற வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் கன்னடக்காரர். "பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்திலேயே உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். தமிழ் சுமாராக வந்தது.

"குடிப்பாரா?"

சவரிமுத்து அக்காவைப் பார்த்தான். இசபெல்லா சொன்னாள். "இல்லீங்க. எங்கப்பாவும் குடிக்கலீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அதற்கப்புறம் குடியைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. அப்பா, அப்பாவின் அம்மா, பெரியப்பா என்று கேட்டுக் கேட்டு ஒரு படம் போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். வியாதி வந்தவர்களைக் கறுப்படித்தார். சவரிமுத்துவை ஒரு குதிகாலுக்கு முன் மற்ற குதிகாலை வைத்துக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் நர்ஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. அடுத்து, டாக்டரின் விரலையும் தன் மூக்கையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார். தம்பியின் விரல் நடுங்கி நடுங்கி, ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போயிற்று.

இசபெல்லா முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு, வலது ஆள்காட்டி விரலால் இடது கை கட்டைவிரல் நகத்தைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது. மறுபடி தொட்டாள். மூன்றாம் தடவை தொட்டுப்பார்க்கத் தைரியம் வரவில்லை.

தலையைப் படம் எடுத்து வந்ததும் டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். "நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"டெலிபோன் ஆப்பரேட்டருங்க."

"அப்ப ஒங்களுக்குச் சொல்றது ஈசி. இது பெரிய மூளை. 'நட'ன்னு இது சொல்லுது. பின்னாடி இருக்கறது சிறுமூளை. எவ்ளோ தூரம், எவ்ளோ வேகம்னு அது அளவு சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல லைன் இருக்கு. ஒங்க தம்பிக்குக் கால் நல்லா இருக்கு, புத்தி நல்லா இருக்கு. நடுவுல லைன் தேஞ்சு போவுது. பேச்சு போய்ச் சேரல, அவ்ளோதான்."

"ரிப்பேர் பண்ண முடியாதுங்களா?"

"மருந்து இல்லம்மா. ரொம்ப வருஷம் இருப்பாரு. ஆனா நடக்கறது, பேசறது, விழுங்கறது, ஒண்ணொண்ணா போவும்."

சவரிமுத்து தலையைக் குனிந்து சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். இசபெல்லா கேட்க வேண்டியதைக் கேட்டாள். "இவனுக்கு வந்துட்டா கூடப் பொறந்தவங்களுக்கு வராதுங்களே?"

"அப்படி இல்ல. அப்பாவுக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. காசு சுண்டற மாதிரி. தம்பிக்கு ஒரு தடவை சுண்டியாச்சு. ஒங்களுக்குத் தனியா ஒரு தடவை சுண்டணும்."

"வந்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்குமில்லீங்களா?"

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். "தர்மபுரி லைன் கெட்டுப்போச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க? சேலம் வழியா சுத்திப் போடுவீங்க இல்ல? மூளையும் அப்படித்தான்னு நான் நினைக்கிறேன். ஒரு வழி கெட்டா இன்னொரு வழில போடும். சில வருஷம் வெளிய ஒண்ணும் தெரியாது. சுத்து வழியும் கெட்டப்பறம்தான் தெரியும்." பிறகு, அவளுடைய முந்தானைக்குள் ஒளிந்திருந்த கையைப் பார்த்தார். "ஒங்களையும் ஒரு தடவை நான் பாக்கணும். குழந்தை இருக்கா?"

"ஒரு பொண்ணுங்க. பத்து வயசு."

சொன்ன கையோடு எழுந்துவிட்டாள். அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மகள் பிலோமியைப் பற்றி அவர் அடுத்து என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வி காதில் விழக்கூடாது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னபோது, அவள் எதிர்பார்த்த சண்டைகூட வரவில்லை.

"நான் செத்தா இவனை யாரு எடுத்து உக்கார வைப்பா? நீ வெப்பியா? ஒனக்கு ஆபீசு, புருசன், புள்ள. ஒரு பொண்ணு வேணும்டி இவனுக்கு. எனக்கு யாரு சொன்னாங்க? நான் பாக்கலியா ஒங்கப்பனை?" என்றாள் ஆரோக்கியம்மாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி, போய்ச் சொல்லு சாமியார்கிட்ட. மறுநாள்லருந்து பிலோமி தடுக்கி வுழுந்தா ஊரு எப்படிப் பாக்கும்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லு."

இசபெல்லா சவரிமுத்துவைப் பார்த்தாள். அவன் சுவரில் சாய்ந்தபடி, "எனக்குப் பயமா இருக்குதுக்கா. தனியா கெடக்கறதுக்குப் பயமா இருக்குது" என்றான்.

இரண்டாம் ஓலை வாசிக்கும்போது இசபெல்லா பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "தடை ஏதாவது தெரிந்தவர்கள்" என்று சாமியார் சொன்னார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் போனபோது அவள் மட்டும் முழங்காலிலேயே இருந்துவிட்டாள். பிலோமி வரிசையில் போய் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்து வந்தாள். பெற்றவள் மகளின் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போயிற்று. பிலோமி டம்ளரைக் கீழே போட்டால் ஓடிப்போய் அவள் விரல்களைப் பார்த்தாள். பாண்டி ஆடும்போது ஒற்றைக்காலில் எத்தனை கட்டம் தாண்டுகிறாள் என்று ஜன்னலில் நின்று எண்ணினாள். போர்டில் ஒவ்வொரு ஷட்டர் விழும்போதும் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு செருகினாள். கணவன் செபாஸ்டின் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, தலைவலி என்று சொல்லிவைத்தாள். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எக்ஸ்சேஞ்ச் வாசலில் தெரசா வந்து நின்றாள். கடத்தூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தாளாம். சித்தி தையல் கடையில் நிற்க, இவள் மட்டும் இங்கே வந்திருந்தாள். தெரசாவுக்கு இருபது வயசு இருக்கும். கண்ணை நேராகப் பார்த்துப் பேசுகிற பெண்.

"ஒண்ணு கேக்கலாங்களா, அண்ணி?"

"கேளும்மா."

"அவரு குடிக்கிறாருன்னு சொல்றாங்களே, அது நெஜந்தானுங்களா? குடின்னா பரவால்லீங்க. எங்க மாமா ஒருத்தரு குடிச்சுக்கிட்டு இருந்தாரு, அத்தை நிறுத்திட்டாங்க. நானும் நிறுத்திடுவேன். ஆனா அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப, சட்டையில நாத்தம் அடிச்சுது, வாயில அடிக்கல. கண்ணும் தெளிவா இருந்துது. அதான் கேக்கறேன்."

இசபெல்லாவுக்கு ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றால் எல்லாம் தீர்ந்தது. அம்மாவுக்கு மருமகள் வந்துவிடுவாள், தம்பிக்குத் துணை வந்துவிடும், பிலோமியின் பக்கம் யார் பார்வையும் திரும்பாது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதிரில் நிற்கிறவள் அதை அப்படியே நம்பத் தயாராக இருப்பது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

"அவன் குடிக்கலம்மா. அது வியாதி. ரத்தத்துல வர்றது" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து இல்லை என்பதையும், பிறக்கிற பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

தெரசா வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஒங்களுக்கு, அண்ணி?"

"கை தவறுது."

தெரசா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்க ஊரு சாமியாருக்குப் போன் போட்டுக் குடுங்க. நாளைக்கு மூணாவது ஓலை. வூட்டுக்குப் போயிட்டா அப்பா என்னைப் பேச வுட மாட்டாரு. பயப்படாதீங்க அண்ணி. வியாதின்னு நான் சொல்ல மாட்டேன். குடின்னே சொல்லிக்கிறேன். ஒங்க பொண்ணு பாவம்."

இசபெல்லாவுக்கு அந்தப் பெண்ணின் காலில் விழலாம் போல இருந்தது. தர்மபுரியைக் கூப்பிட்டு, அங்கிருந்து மாரண்டஹள்ளியைக் கூப்பிட்டு, லைன் வாங்கினாள். தெரசா கண்ணாடி வைத்த போன் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுமுனையில் சாமியாரின் குரல் கேட்டது. பேச்சு ஆரம்பித்துவிட்டது, கீயை மூட வேண்டும். இசபெல்லா மூடவில்லை.

"சாமி, நாளைக்கு ஓலை வாசிக்காதீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாங்க."

"என்னம்மா இது, திடீர்னு? என்ன காரணம்?"

"மாப்பிள்ளை குடிக்கிறாருங்க."

பிழைத்தேன் என்று இசபெல்லா நினைத்தாள். பிலோமி பிழைத்தாள்.

மறுமுனையில் சாமியார் சிரித்தார். "இவ்ளோதானா? நான் என்னவோன்னு பயந்துட்டேன். குடி ஒரு தடையாம்மா? அப்படிப் பாத்தா இந்தக் கோயில் பங்குல ஒரு கல்யாணம் நடக்காது. கட்டிக்கிட்டு நீதான் திருத்தணும். ஒங்கப்பன் காலையிலதான் வந்து பந்தலுக்குச் சொல்லிட்டுப் போனாரு. போய் ஜெபம் பண்ணு. நாளைக்கு நான் வாசிக்கிறேன்."

"இல்லீங்க சாமி..." என்றாள் தெரசா. அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி வழியாக இசபெல்லாவைப் பார்த்தாள். கொடுத்த வாக்கை மீறவும் அவளுக்கு மனசில்லை. "இல்லீங்க..." என்று இன்னொரு தடவை சொன்னாள்.

"வெச்சுடட்டுமா?" என்றார் சாமியார்.

தர்மபுரி போர்டில் ஒருத்தி காதை வைத்திருப்பாள். மாரண்டஹள்ளியில் ஒருத்தி வைத்திருப்பாள். சாயங்காலத்துக்குள் ஜில்லா முழுக்கத் தெரிந்துவிடும். நடுவில் பேசினால் வேலையே போகலாம். இசபெல்லா கீயைப் பேசும் பக்கம் தள்ளினாள்.

"வெக்காதீங்க சாமி. நான் மாப்பிள்ளையோட அக்கா பேசறேன். என் தம்பி குடிக்கிறதில்லீங்க. எங்கப்பாவும் குடிச்சதில்லீங்க."

"என்னம்மா சொல்றே? குடிக்கலன்னா அப்புறம் என்ன தடை?"

இசபெல்லா சொல்ல ஆரம்பித்தாள். அப்பாவின் அம்மாவிலிருந்து தொடங்கி, பெரியப்பா, அப்பா, தம்பி என்று வரிசையாகச் சொன்னாள். தன் பெயரையும் சொன்னாள். மகளின் பெயர் வந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். மூன்று ஊரிலும் யாரும் போனை வைக்கவில்லை.

"பிலோமினா. பத்து வயசு. அவளுக்கு இருக்குதா இல்லியான்னு யாருக்கும் தெரியாதுங்க சாமி" என்றாள்.